திமிஷ்கில் சில விடுமுறை நாட்கள்

அயல்நாடு சென்று மொழி பயின்று திரும்பிய ஒருவரிடம், ‘அங்கே என்ன கற்றீர்கள்?’ என்று வினவினால், வகுப்பறையில் கற்றவற்றை அவர் வரிசைப்படுத்திக் கூறுவதே முறை. என்னளவில் அம்முறை பொருந்தவில்லை. 2008 அக்டோபர் முதல் 2009 ஜூன் வரை சிரியா நாட்டின் தலைநகராகிய திமிஷ்கில் அரபு மொழி பயின்றேன். வகுப்பறையில் கற்ற இலக்கணத்தில் பாதியைக் காலம் அழித்துவிட்டது. விடுமுறை நாட்களில் ஊர்சுற்றிக் கற்றவையோ இன்றளவும் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

துறை மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர்கள், “ஐயா, இம்முறை ஆய்வுக் கட்டுரை வேண்டா; நீங்கள் சிரியாவில் படித்த கதையை எழுதித் தாருங்கள்” என்றனர். வகுப்பில் பாடத்தினிடையே துணுக்குத் துணுக்காக நான் சொல்லி வந்தவற்றை அவர்கள் நினைவில் வைத்திருந்தது மகிழ்ச்சியளித்தது. ஆனால் அக்கதையில் ஒரு பகுதியை எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. சொல்ல நாணினேன் என்பதே உண்மை. அதனையும் இங்கே எழுதிவிட எண்ணுகிறேன்.

கடலில் விட்ட மூட்டை

என் உம்மம்மாவுக்குத் தமிழெழுத்துத் தெரியாது. எனினும் அவர் நூல் படிக்காத நாளில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் வீட்டின் உள்முற்றத்தில் பாய் விரித்தமர்ந்து, பழுப்பேறிய நூலொன்றை ரைஹால் பலகையில் வைத்து இராகமிட்டு ஓதுவார். அண்டை வீட்டுப் பெண்கள் சூழ்ந்திருந்து கேட்பர். சில இடங்கள் வரும்போது முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொள்வர். நூலின் எழுத்து அரபெழுத்து. ஆகவே அவர் ஓதுவதும் அரபுதான் என்று விளையாட்டுப் பருவத்தினனாகிய நான் எண்ணியிருந்தேன். ஓசை காதில் விழுந்ததேயன்றிப் பொருள் கருத்தில் விழவில்லை. அரபறியாத அப்பெண்கள் எங்ஙனம் பொருளுணர்ந்து கண்ணீர் விட்டனர் என்னும் ஐயமும் எனக்கு எழவில்லை.

1996ஆம் ஆண்டு, நான் மேனிலைப் பள்ளி மாணவனாக இருந்தபோது, உம்மம்மா இறையடி சேர்ந்தார். நாற்பதாம் நாள் கழிந்தபின் அவருடைய மரப்பெட்டியைத் திறந்தோம். நூல்கள் செல்லரித்துக் கிடந்தன. அரபெழுத்துப் பொறித்த தாள் காலில் மிதிபடலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் கருதினர். அவர்கள் கருதியது மரியாதையின் பாற்பட்டதே. வெள்ளைத் துணியில் நூல்களைக் கட்டிக் கல்லொன்றை உடன்சேர்த்து ஆழ்கடலில் விட்டுவருமாறு பணித்தனர். படகில் ஏறி, மூட்டையை மடியில் சுமந்து சென்று, பிஸ்மி கூறிக் கடலில் இறக்கியவன் நான்.

ஆண்டுகள் சில கழிந்தன. இளமுனைவர்ப் பட்டத்திற்காக இசுலாமியத் தமிழிலக்கியத்தைப் பாடமாகக் கொண்டபோது, அரபுத்தமிழ் நூலொன்றன் ஒளிப்படியை நெறியாளர் என் கையில் கொடுத்தார். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபெழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டியமைத்து, நம் முன்னோர் தமிழை எழுதி வந்த முறையே அரபுத்தமிழ் என்பதை மாணவர் அறிவர். எழுத்தைக் கூட்டி முதலடியை வாய்விட்டுப் படித்தேன். வந்தது தமிழ். அதுவும் உம்மம்மாவின் இராகத்தோடு வந்தது. நான் கடலில் இறக்கிய மூட்டையில் இருந்தது என்னவென்று அப்போதுதான் உணர்ந்தேன். அதில் எத்தனை நூல்கள் இருந்தன, அவற்றுள் வேறெங்கும் படியில்லாத நூல் ஏதேனும் இருந்ததா என்பன இனி எவராலும் விடைகூற இயலாத வினாக்கள்.

பட்டம் பெற்றபின் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளனாகச் சேர்ந்தேன். ஊதியம் பேருந்துக்கும் மதிய உணவுக்கும் சரியாக இருந்தது. வாப்பா முன்னரே காலமாகிவிட்டார். தங்கையர் இருவர் மணப்பருவம் எய்தியிருந்தனர். வளைகுடா நாட்டில் வணிகம் புரிந்த தாய்மாமா ஊருக்கு வந்திருந்தபோது, “மருமகனே, தமிழ் படித்தது போதும். ஓராண்டு அரபு படித்துவிட்டு வா. மொழிபெயர்ப்பாளன் வேலைக்கு நான் பொறுப்பு” என்றார். செலவையும் அவரே ஏற்றார். தமிழைவிட்டு விலகும் எண்ணத்தோடுதான் நான் திமிஷ்கு சென்றேன் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

புகைறாவின் ஊரில்

அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் டிசம்பர் 8ஆம் நாள் வந்தது. வீட்டைவிட்டுப் பிரிந்து நான் கழித்த முதற் பெருநாள் அது. உமையாப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அறைக்குத் திரும்பினால், உடனுறைந்த இந்தோனேசிய மாணவரும் துருக்கிய மாணவரும் என்னைப்போலவே முகம் வாடியிருந்தனர். பெருநாள் விடுமுறையின் இறுதி நாளன்று மூவரும் புஸ்ராவுக்குப் புறப்பட்டோம்.

புஸ்ரா, திமிஷ்குக்குத் தெற்கே ஏறத்தாழ 140 கி.மீ. தொலைவில், ஹவ்ரான் சமவெளியில் உள்ள தொன்மையான நகரம். உரோமானியர் அரபு மாகாணத்தை அமைத்தபோது அதற்குத் தலைநகராய் விளங்கிய ஊர் அது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரங்கமொன்று அங்கே முழுமையாக நிற்கிறது. அய்யூபிய மன்னர்கள் அதனைச் சுற்றிக் கோட்டை எழுப்பியதால் அது சிதையாமல் பிழைத்தது என்பர். வீடு, மதில், தூண், தெருத்தளம் யாவும் கரிய எரிமலைக் கல்லால் ஆனவை. நண்பர்கள் அரங்கத்தின் படிகளில் ஏறி ஒருவரையொருவர் படமெடுத்துக் கொண்டிருந்தனர். என் மனமோ வேறோர் இடத்தைத் தேடிற்று.

சீறாப்புராணத்தில் விலாதத்துக் காண்டத்தில் ‘புகைறா கண்ட படலம்’ பயின்றவர்களுக்கு நான் தேடியது எதுவென்று விளங்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறு வயதில், பெரிய தந்தையார் அபூதாலிபின் வணிகக் கூட்டத்தோடு ஷாம் நாட்டுக்குச் சென்றபோது, வருங்கால நபி இவரே என்று கண்டுணர்ந்த துறவி பஹீரா வாழ்ந்த ஊர் புஸ்ரா என்பது வரலாற்று மரபு. அவரையே உமறுப் புலவர் புகைறா என்றார். இடிந்து கூரையிழந்த தேவாலயச் சுவரொன்றைக் காட்டி, “இதுதான் பஹீரா ராஹிபின் இடம்” என்று ஊர்ச்சிறுவன் ஒருவன் கூறினான். சுவரின் இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. ஆடுகள் சில மேய்ந்துகொண்டிருந்தன. பார்க்கத்தக்கதாக வேறொன்றும் அங்கில்லை. ஆயினும் அவ்விடத்தைவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, நாட்டுப் படலம் நடத்திக் கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, அரபு நாட்டில் நெல்வயல் ஏது? உமறுப் புலவர் அந்நாட்டைப் பார்க்காமலேயே எழுதிவிட்டாரா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நாட்டை மருத வளத்தோடு வருணிப்பது தமிழ்க் காப்பிய மரபு என்று நூலில் உள்ள விடையைக் கூறி அமர்த்தினேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

புஸ்ராவின் புறத்தே நின்று பார்த்தேன். எரிமலைக் கல் உதிர்ந்தாகிய கருஞ்சிவப்பு மண். கோதுமை விதைத்த நிலம். தலையில் சிவப்புக் கட்டத் துணி சுற்றிய உழவர் ஒருவர் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டு மழை தாழ்த்திருந்தது. கையை நெற்றிக்கு மேல் வைத்து அவர் நின்ற நிலையை நான் முன்பே கண்டிருக்கிறேன். உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசற் காட்டில், ஐப்பசி மாதத்தில், எந்த உழவரும் அவ்வண்ணமே நிற்பார். ஷாம் நாட்டைப் புலவர் காணவில்லை. கரிசற் காட்டைக் கண்டிருந்தார். மழைக்கு ஏங்கும் மனிதரைக் கண்டிருந்தார். தமக்குத் தெரிந்த மண்ணைக் கொண்டே தெரியாத மண்ணை அவர் அன்போடு எழுதினார். மாணவர் கேட்ட வினாவுக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடை இதுவே என்று அங்கே தோன்றிற்று. ஆனால் வகுப்பு நெடுந்தொலைவில் இருந்தது. நானோ அதனைவிட்டு விலக முடிவுசெய்து வந்திருந்தேன்.

ஹலப் கடைத்தெருவில்

பருவ இடைவிடுமுறை சனவரி இறுதியில் வந்தது. திமிஷ்குக்கு வடக்கே ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவிலுள்ள ஹலப் நகருக்குத் தனியே சென்றேன். ஆங்கிலத்தில் அலெப்போ என வழங்கப்படுவது இதுவே. ஹலபின் கூரை வேய்ந்த கடைத்தெருக்களை ஒன்றோடொன்று சேர்த்தால் ஏறத்தாழ 13 கி.மீ. நீளும் என்பர். ஏலம், மிளகு, தோல், பட்டு, கயிறு எனப் பொருளுக்கொரு தெரு. கார் எனப்படும் புன்னை போன்றதொரு மர எண்ணெயை ஒலிவ எண்ணெயோடு கலந்து குளிர்காலத்தில் காய்ச்சி, பல மாதம் உலர்த்தி விற்கும் வழலைக்கட்டிகள் அந்நகருக்குப் பெருமை சேர்ப்பவை. உம்மாவுக்காகச் சில கட்டிகள் வாங்க எண்ணிக் கடையொன்றில் நின்றேன்.

நான்கு மாதம் கற்ற அரபை முதன்முதலாக வணிகத்தில் பயன்படுத்தும் ஆர்வம் எனக்கு. வேற்றுமை உருபு பிறழாமல், ஈற்று உயிர்க்குறிகளை விடாமல், “ஐயா, இந்த வழலையின் விலை யாது?” என்னும் பொருள்பட இலக்கண அரபில் வினவினேன். கடைக்காரர் கையிலிருந்த தராசை வைத்துவிட்டார். உள்ளே திரும்பித் தம் தம்பியரை அழைத்தார். மூவரும் வந்து நின்றபின், “மறுபடியும் சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். மூவரும் மனமாரச் சிரித்தனர். “உஸ்தாத், நீங்கள் ஜும்ஆப் பிரசங்கம் செய்கிறீர்கள். வழலையை இப்படிக் கேட்டால் அது வெட்கப்பட்டுக் கரைந்துவிடும்” என்றார் மூத்தவர். ‘என்ன’ என்பதற்கு ‘மா’ என்று நூலிலே கற்றேன். கடைத்தெருவில் அது ‘ஷூ’. ‘எனக்கு வேண்டும்’ என்பதற்கு ‘உரீது’ என்று கற்றேன். அங்கே அது ‘பித்தீ’. தேநீர் வரவழைத்துக் கொடுத்து, ஒரு மணி நேரம் அமர்த்தி, கடைத்தெரு அரபு கற்பித்தே அனுப்பினர். வழலைக்கும் விலை குறைத்தனர்.

எழுத்து வழக்கு ஒன்றும் பேச்சு வழக்கு ஒன்றுமாக ஒரு மொழி இரு நிலையில் இயங்குவதை மொழியியலார் இரட்டை வழக்கு என்பர். அதற்கு அரபைச் சான்று காட்டுவர், தமிழையும் காட்டுவர். தமிழாசிரியனாகிய எனக்கு இது தெரியாததன்று. ஆயினும் வாழை மண்டியில் நின்று செந்தமிழில் விலை கேட்ட வெளிநாட்டினர் நிலைமையில் நானே நின்றபோதுதான் அது உறைத்தது. ஒரு மொழியை நூலிலிருந்து எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், வீட்டிலும் தெருவிலும் அது எங்ஙனம் ஒலிக்கிறது என்பதை அம்மக்கள் தந்தாலொழியப் பெற இயலாது. தமிழில் எனக்கு அது கேளாமலே கிடைத்திருந்தது.

அன்று மாலை இணைய நிலையமொன்றில் அமர்ந்தபோது மாமாவிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. வேலை உறுதியாகிவிட்டது, ஏப்ரல் மாத முடிவுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். குறிப்பிட்டிருந்த ஊதியம், நான் தற்காலிக விரிவுரையாளனாக வாங்கியதைப்போல் பன்மடங்கு. தங்கையரை எண்ணினேன். மகிழ்ந்தேன், மகிழ்ந்ததாகவே மறுமொழியும் அனுப்பினேன்.

ஜுப்அதீன்

2009 ஏப்ரல் 17ஆம் நாள் வெள்ளிக்கிழமை. சிரியாவிலிருந்து பிரெஞ்சுப் படை 1946இல் வெளியேறியதைக் கொண்டாடும் நாட்டு விடுமுறையும் அன்றே. திமிஷ்குக்கு வடகிழக்கே 56 கி.மீ. தொலைவில், கலமூன் மலைத்தொடரில் உள்ள மஃலூலா என்னும் ஊரைக் காணச் சென்றேன். அங்கே இன்னும் அரமேய மொழி பேசுகிறார்கள் என்று எங்கள் ஆசிரியர் கூறியிருந்தார்.

அரமேயத்தின் வரலாறு பெரிது. பாரசீகப் பேரரசின் ஆட்சித் தொடர்புக்கு உதவிய மொழி அது. ஈஸா நபி (அலை) அவர்கள் பேசிய மொழியும் அதுவே என்பர். நம் அசோக மன்னர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் காந்தாரப் பகுதியில் பொறித்த கல்வெட்டுகளில் சில அம்மொழியில் உள்ளன. 7ஆம் நூற்றாண்டுக்குப்பின் அரபு மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பெற்றது. அரமேயத்தின் கிழக்குக் கிளையில் வழிவந்த பேச்சுமொழிகள் பல உள. மேற்குக் கிளையோ மஃலூலாவிலும் அதனையடுத்த ஜுப்அதீன், பக்ஆ என்னும் இரு சிற்றூர்களிலும் மட்டுமே பேச்சில் எஞ்சியிருந்தது.

மஃலூலா மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிய வீடுகளைக் கொண்ட ஊர். அன்று கிழக்கு மரபுக் கிறித்தவர்க்குப் புனித வெள்ளி. மார் தக்லா மடத்தில் துயர வழிபாடு நடந்துகொண்டிருந்தது. மலையுச்சியிலுள்ள மார் ஸர்கீஸ் ஆலயத்தில் வழிகாட்டும் பெண் ஒருவர், வருவோர்க்காக அரமேயத்தில் ஒரு வேண்டுதலை ஓதிக் காட்டினார். கேட்டவர்கள் உருகினர். நானும் மரியாதையோடு கேட்டேன். இது கிறித்தவர்களின் மொழி, அவர்கள் தம் வேதத்தின் பொருட்டு அதனைக் காத்து வருகிறார்கள் என்று மனத்துள் குறித்துக்கொண்டேன்.

ஜும்ஆ நேரம் நெருங்கியது. சிற்றுந்து ஓட்டுநர் ஒருவரிடம் பள்ளிவாசலுக்கு வழி கேட்டேன். நான் எங்கிருந்து வந்தேன், எதற்காக வந்தேன் என்றெல்லாம் வினவிய அவர், “அரமேயம் கேட்க வந்தீரா? என் ஊருக்கு வாரும். பள்ளிவாசல் வாயிலிலேயே கேட்கலாம்” என்றார். நான் விழித்தேன். அவர் சிரித்தார். “ஜுப்அதீனில் நாங்கள் எல்லாரும் முஸ்லிம்கள். எங்கள் வீட்டுப் பேச்சு அதுதான்” என்றார்.

சென்றேன். பள்ளிவாசல் நிறைந்திருந்தது. பாங்கு அரபில், குத்பா அரபில், தொழுகை அரபில். ஸலாம் கொடுத்து எழுந்தோம். வாயிலுக்கு வந்து செருப்பைத் தேடத் தொடங்கியதும் எல்லார் வாயிலும் மொழி மாறியது! ஒருவரையொருவர் விளித்ததும், பிள்ளையை அதட்டியதும், கொடுக்கல் வாங்கல் பேசியதும் அரமேயத்தில். நம்மூர்ப் பள்ளிவாசல் வாயிலில் நின்றதுபோலவே இருந்தது. குத்பா முடிந்ததும் செருப்பைத் தேடுகையில் நாம் தமிழுக்குத் திரும்புகிறோம் அல்லவா? அதனை நான் அதுவரை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

ஓட்டுநரின் தந்தையார் எழுபது வயதைக் கடந்தவர்; ஹஜ்ஜுக்கும் சென்று வந்தவர். விருந்தினரை உணவின்றி அனுப்பும் வழக்கம் அவ்வூரில் இல்லை. வீட்டினுள்ளிருந்து அவர் மனைவியார், ‘லெஹ்மா கொண்டு வருகிறேன்’ என்று பொருள்படக் கூறியது கேட்டது. அரபில் லஹ்ம் என்றால் இறைச்சி. ஆகவே இறைச்சிக்குக் காத்திருந்தேன், வந்தது ரொட்டி. வேர்ச்சொல் ஒன்றாயினும் அரமேயத்தில் அது ரொட்டியையே குறிக்கும் என்று பெரியவர் விளக்கிச் சிரித்தார். மலையைக் காட்டி, ‘தூரா’ என்றார். அரபில் மலைக்குப் பொதுச்சொல் ஜபல். ஆயினும் திருமறையின் 52ஆம் அத்தியாயத்தின் பெயர் ‘அத்தூர்’. அச்சொல் ஸுர்யானி மொழியில் மலையைக் குறிப்பது என்று இமாம் சுயூத்தி அவர்களும் எடுத்துக்காட்டியுள்ளார்கள். “ஓதும்போது அந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சொல்லைக் காண்கிறோம்” என்றார் பெரியவர்.

மலைக்காற்று ஒவ்வாமல் எனக்கு இருமல் கண்டிருந்தது. அம்மையார் இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தார். ஸன்ஜபீல் என்றார். திருமறையின் 76ஆம் அத்தியாயத்தில், சுவனத்துப் பானத்தோடு சேர்த்துக் கூறப்படும் சொல் அது. நம் இஞ்சிவேர் என்னும் சொல்லே பாலி மொழியில் சிங்கிவேரமாகி, பாரசீகமும் அரமேயமும் கடந்து அரபில் ஸன்ஜபீல் ஆயிற்று என்பது மொழியறிஞர் பலர் கொள்ளும் கருத்து. இதனை எனக்குத் தெரிந்த அரபில் பெரியவரிடம் எடுத்துரைத்தேன். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் என்னையே பார்த்தார். “அப்படியானால் உம் ஊர்ச் சொல் எங்கள் வீட்டு வாயில் வழியாகத்தான் சென்றிருக்கிறது” என்றார். பிறகு, “நீர் ஊரில் என்ன தொழில் செய்கிறீர்?” என்று கேட்டார்.

அரபு மொழிபெயர்ப்பாளனாகப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ, “தமிழாசிரியன்” என்றேன். பின்னர் உம்மம்மாவின் நூல்களைப் பற்றியும் கூறினேன். அரபெழுத்தில் எழுதிய எங்கள் மொழி நூல்களைப் புனிதத் தாளென்று கருதி என் கையாலேயே கடலில் விட்டதை, அதுவரை வீட்டாரிடமும் பேசாத அதனை, அரைகுறை அரபில், முன்பின் அறியாத ஒரு முதியவரிடம் கூறினேன்.

அவர் என்னைத் தேற்றவில்லை. “எங்கள் பேச்சுக்கு நூலே கிடையாது, மகனே” என்றார். “என் தந்தையார் எழுதியதில்லை, நானும் எழுதியதில்லை. மஃலூலாவில் இப்போது ஒரு கழகம் தொடங்கி எழுதக் கற்பிக்கிறார்களாம். இதோ இவன் என் பேரன். நான் எங்கள் பேச்சில் கேட்டால் இவன் அரபில் விடை சொல்கிறான். பள்ளிக்கூடமும் தொலைக்காட்சியும் அரபில். நான் என்ன செய்ய? இவனிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன். உம் ஊரில் இதைக் கற்பிப்பதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களா?”

“கொடுக்கிறார்கள். குறைவு” என்றேன்.

“கொடுக்கிறார்கள் அல்லவா!” என்றார் வியப்போடு. அவ்வளவே அவர் கூறியது.

திரும்பும் வழி நெடுகிலும் அந்த வியப்பு என்னோடு வந்தது. மொழியைக் கற்பிக்க ஒரு துறையும், அதற்கு வகுப்பறைகளும், கேட்க மாணவர்களும், ஊதியமும் உண்டு என்பது அவருக்கு எட்டாத செல்வமாகத் தோன்றியது. நானோ அச்செல்வத்தை உதறிவிட்டுச் செல்ல நாள் குறித்திருந்தேன்.

அதன்பின்

ஏப்ரல் மாத முடிவில் மாமாவுக்கு மறுப்புத் தெரிவித்தேன். இதனைத் தியாகமென்று பேச எனக்கு உரிமையில்லை; ஏனெனில் அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு. மூத்த தங்கையின் திருமணம் இரண்டாண்டு தள்ளிப்போயிற்று. உம்மா தம் காப்பை விற்றார்கள். மாமா நெடுநாள் என்னோடு பேசவில்லை. பேசத் தொடங்கியபோதும் அந்த ஓராண்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை. நான் செய்தது சரிதானா என்று தங்கையின் முகத்தைப் பார்த்து என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் வகுப்பறைக்குள் நுழையும்போது அந்த ஐயம் எழுவதில்லை.

2011இல் சிரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. 2012 செப்டம்பரில் ஹலபின் கடைத்தெருக்கள் தீக்கிரையாயின. எனக்கு அரபு கற்பித்த வழலைக்கடை எந்தத் தெருவிலிருந்தது என்பதைக்கூட இப்போது என்னால் சுட்டிக் காட்ட முடியாது. அந்நகரின் பெரிய பள்ளிவாசலில் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மினாரா 2013 ஏப்ரலில் சரிந்து வீழ்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மஃலூலா தாக்கப்பட்டு மக்கள் வெளியேறினர். பக்ஆ பெரும் சேதமுற்றது. ஜுப்அதீன் ஓட்டுநரின் தொலைபேசி எண்ணைப் பலமுறை சுழற்றினேன், மணி ஒலிக்கவேயில்லை. 2024 டிசம்பரில் அங்கே ஆட்சி மாறிய செய்தி வந்த அன்றும் அந்த எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்த்தேன். பெரியவர் இன்றிருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார். அந்தப் பேரன் இன்று இருபது வயதைக் கடந்த இளைஞன். தன் வீட்டுப் பேச்சில் அவன் எவரோடு பேசுகிறானோ, அல்லாஹ்வே அறிவான்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வீட்டுப் பரணையோ உம்மம்மா, வாப்பும்மா வைத்துப்போன பெட்டியையோ திறந்து பாருங்கள். அரபெழுத்தில் ஒரு நூல் கிடைத்தால், கடலிலும் கிணற்றிலும் இடுவதற்கு முன் முதலடியை வாய்விட்டுப் படியுங்கள். எழுத்துத் தெரியாவிடின் என்னிடம் கொண்டு வாருங்கள். வந்து சேர்பவை தமிழாயின் அவற்றை ஒளிப்படியெடுத்து நம் துறை நூலகத்தில் வைப்போம். கடந்த சில ஆண்டுகளில் மாணவர்கள் கொண்டுவந்த நூல்கள் ஏழு. அவற்றுள் ஒன்று, உம்மம்மா ஓதிய நூலாக இருக்கக்கூடும். இராகத்தை வைத்துப் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. உறுதி சொல்ல ஊரில் இப்போது ஒருவருமில்லை.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தங்கள் வீட்டுப் பிள்ளை தமிழ் இலக்கியம் பயில விரும்பினால், ‘இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்பதற்கு முன், அப்பிள்ளையின் பாட்டனார் எந்த மொழியில் அழுதார், எந்த மொழியில் துஆவின் பொருளை உணர்ந்தார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். வல்ல இறைவன் நம் மொழியையும், அந்த மலையூரின் மொழியையும் காப்பானாக. ஆமீன்.